ஆட்டுக்குச் சட்டம் சொன்ன பரிஸ்டர்

வாயை மூடிக்கொண்டிருப்பதற்காக ரங்கூன் பரிஸ்டர் பட்ட பாட்டை இந்த உலகத்தில் வேறு எந்த மனிதனும் பட்டிருக்க மாட்டான். முனிவர்கள் மௌனவிரதம் இருந்ததாகப் படிக்கிறோம். அவர்கள் இருந்தது காட்டில், பேச்சுக் கொடுக்கவே ஆளில்லை. பரிஸ்டர் இருந்ததோ மட்டக்களப்புப் புளியந்தீவில், நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில். சுற்றிவர வழக்கு இல்லாத குடும்பமே கிடையாது. போதாக்குறைக்கு மனிதர் பிறவியிலேயே வக்கீல். பிறந்த நிமிஷமே மருத்துவச்சியிடம் ஆட்சேபணை தெரிவித்திருப்பார் என்பது எங்கள் சமறியில் எல்லாருடைய அபிப்பிராயமுமாக இருந்தது.

கலியாணமாகாத உத்தியோகத்தர்கள் நாலைந்து பேர் கூட்டாக வீடு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு இருப்பதற்குத்தான் சமறி என்று பெயர். நான் அப்போது கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்தில் கிளாக்கர். யுத்தகாலம். எங்கள் சமையல்காரன் இளையதம்பி அரிசிக் கூப்பனையும் கறிச்சட்டியையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, எங்கள் ஐந்து பேரையும் ஒருவிதமாக உயிரோடு வைத்திருந்தான். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் மத்தியானம், பங்குனி வெயிலில், கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கிருந்த தமிழர்கள் காடும் மலையுமாக நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் வந்தவர் இவர். மற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இவர் கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் இவருக்குத் துணையாக வந்த மட்டக்களப்பு ஆள் ஒருவர் இவரை ஊருக்குக் கூட்டிவந்து, “இரண்டு நாளைக்கு வைச்சிருங்க, மறுகா நான் வந்து கூட்டிப்போறன்” என்று எங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் திருகோணமலையில் பட்டாளத்து வேலைக்குப் போனார். அவர் திரும்பி வரவேயில்லை. பரிஸ்டர் யுத்தம் முடியும்வரைக்கும் எங்களோடுதான் இருந்தார்.

உண்மையில் அவர் பரிஸ்டரே அல்ல. திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து, ரங்கூனில் சட்டம் படித்து, அங்கேயே நீதிமன்றத்தில் நின்று வழக்குப் பேசின வக்கீல். கோட்டைப் பார்த்து இளையதம்பி வைத்த பெயர்தான் பரிஸ்டர். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால், அதைச் சொல்வதற்கு முன் அவர் பிறந்த ஊர், தகப்பனார், ஆதீன வழக்கு ஒன்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்ததால், நாங்கள் ஒருவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

திருநெல்வேலிக்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம்.

“அங்கே என் மாமனார் இருக்கார்வே. பெரிய வக்கீல். என் பெஞ்சாதியும் பொண்ணும் அவர் வீட்டிலேதான் இருக்காங்க. யுத்தம் வரும்னு முன்னாலேயே அனுப்பிட்டேன். ரங்கூன் வக்கீல் சன்னது இப்போ காத்துலே போச்சு. வெறுங்கையோட போய் அந்த மனுஷர் வாசல்லே நிக்கச் சொல்றேரா? ஏற்கெனவே அவருக்கு என்னைப் பிடிக்காது. இலங்கையிலே படிச்சு, இந்த ஊர்க் கோர்ட்டிலே சன்னது எடுத்து, வீடு பார்த்து, ரெண்டு பேரையும் இங்கே கூட்டிட்டு வருவேன். அதுவரைக்கும் அவர் மூஞ்சியிலே முழிக்க மாட்டேன்.”

எல்லாம் அந்தச் சன்னதில்தான் இருந்தது. ஆனால் இலங்கைச் சட்டம் வேறு. அவர் படித்தது ஒன்றும் இங்கே செல்லாது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் கொழும்புக்குப் போய், மீசை முளைக்காத பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்து, முதலாம் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

“இந்தச் சட்டத்தை ரோமாபுரிக்காரன் எழுதினான், செத்தான். ஒல்லாந்துக்காரன் எடுத்தான், அவனும் தன் ஊரிலே அதை விட்டுட்டான். இங்கிலீஷ்காரன் இங்கே அதைப் பூட்டி வச்சிருக்கான். இதைத் திருநெல்வேலிக்காரன் மட்டக்களப்பிலே இருந்து போய்க் கொழும்பிலே படிக்கணும்! எந்த ஊர் நியாயம்வே இது?” என்று கேட்டுக்கொண்டேதான் அவர் முதல்தரம் ரயில் ஏறினார்.

ஒரு தவணைக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“வகுப்புக்கே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. வீட்டிலே இருந்தே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்னு விசேஷ அனுமதி. என் தகுதி அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.”

பிறகு கொழும்பிலிருந்து வந்த பையன் ஒருவன் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. விரிவுரையாளர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பரிஸ்டர் எழும்பி, “ஐ அப்ஜெக்ட்” என்றிருக்கிறார். அந்தத் தவணை முழுவதும் வகுப்பு முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. கடைசியில் விரிவுரையாளரே மேலிடத்தில் மன்றாடி, அந்த விசேஷ அனுமதியை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

முதல் பரீட்சையில் பெயிலானார். கேள்விக்கு விடை எழுதாமல், அந்தச் சட்டம் ஏன் பிழை என்று எழுதிவைத்துவிட்டு வந்தால் பிறகென்ன நடக்கும்? இரண்டாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிப் பாஸாகிவிட்டார். மிச்சமிருந்தது இறுதிப் பரீட்சை ஒன்றுதான்.

இனித்தான் அந்த வாய்ப்பூட்டு வருகிறது. பரீட்சைக்குப் பதிந்தவர்கள் சன்னது எடுக்கும்வரை வக்கீல் வேலை பார்க்கக் கூடாது, சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. யாராவது புகார் எழுதிவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். இந்த விதியைக் கொழும்பில் வாசித்துவிட்டு வந்த நாளிலிருந்து பரிஸ்டர் உயிருக்குப் பயந்தவர்போல நடந்தார். மத்தியானச் சோறு சாப்பிடும்போது, “கடைக்காரன் புழுத்த பயறைத் தந்திட்டான், என்ன செய்யலாம்?” என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டால்கூட, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். ஆனால் கொஞ்ச நேரத்தில் பின் வளவிலிருந்து சத்தம் கேட்கும்.

“ஓய், ஒருத்தன் புழுத்த பயறை வித்தான்னா, வாங்கினவன் என்ன செய்யணும் தெரியுமாவே? முதல்லே அதைச் சமைக்கப்படாது. சமைச்சா ஏத்துக்கிட்டதா ஆயிரும். கேட்டுக்கிட்டேரா?”

யாரோடு பேசுகிறார் என்று போய்ப் பார்த்தால், பூவரச மரத்தில் கட்டியிருந்த இளையதம்பியின் வெள்ளாடு. அது அவரை நிமிர்ந்து பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

ஆட்டுக்குச் சட்டம் சொல்லக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அதைப் பரிஸ்டர் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டிருந்தார்.

இந்தச் செய்தி எப்படித்தான் பரவியதோ, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருமுறை வெல்லாவெளியிலிருந்து ஒரு கமக்காரர் வந்தார். தன் வயல் வட்டைக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலைப் பக்கத்து வயல்காரன் அடைத்துவிட்டானாம். அவர் வாயைத் திறந்ததுமே பரிஸ்டர், “எனக்குக் காது கேக்காது” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமக்காரர் பாவம், இளையதம்பியைப் பார்த்தார்.

“என்ன தம்பி, இவருக்குக் காது கேளாதா?”

“நல்லாக் கேக்கும். ஆனா கேக்கப்படாதாம். நீங்க அந்தா நிக்கிற ஆட்டுக்கிட்டச் சொல்லுங்க.”

“ஆட்டுக்கிட்டயா?”

“ஓம். அது சொல்லும் அவருக்கு.”

கமக்காரர் கொஞ்சம் யோசித்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று நினைத்திருக்க வேண்டும். ஆட்டுக்கு முன்னால் போய், தோளிலிருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “எண்ட வயலுக்கு வாற வாய்க்கால மறிச்சுப் போட்டானுகள், ராசா. நீதான் ஒரு வழி சொல்லவேணும்” என்று தொடங்கினார். பரிஸ்டர் மறுபக்கத்தில், புத்தகத்தைப் பார்த்தபடி ஆட்டின் வாற்பக்கமாக நின்று விடை சொன்னார். அவர் ஒன்றைச் சொல்ல, கமக்காரர் ஆட்டைப் பார்த்துத் தலையாட்டினார். நீதிமன்றத்தில் நீதிபதிக்கும் சாட்சிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவரை முதலியார் என்பார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்டுக்கும் முதலியார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

காத்தான்குடிப் புடவை வியாபாரி வந்தார். பனிச்சங்கேணியிலிருந்து வலை அறுந்த கதையோடு ஒருவர் வந்தார். எல்லாருக்கும் முதலியார் வழியாகத்தான் நியாயம். வந்தவர்கள் நன்றிக்கடனாகப் பலாவிலை கொண்டுவந்தார்கள். ஆடு கொழுத்தது. எங்களுக்கு ஒரு மீன்கூட வரவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் மனக்குறை உண்டு. ஒருநாள் முதலியார் பரிஸ்டருடைய ஒப்பந்தச் சட்டப் புத்தகத்தில் நாலைந்து பக்கத்தைத் தின்றுவிட்டது. நாங்கள் பயந்துகொண்டு நிற்க, அவரோ, “விடுங்கவே. கொழும்பிலே அந்தப் பகுதியை யாருமே ஒழுங்காப் படிச்சதில்லே. இதாவது முழுசா உள்ளே வாங்கிக்கிட்டுது” என்றார்.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்த மனிதருக்கு ஒரு பலவீனம். நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. நாள் தவறாமல் போய்ப் பொதுசனங்கள் இருக்கிற கடைசி வாங்கில் உட்கார்ந்துகொள்வார். வாயை அடக்குவதற்கு ஒரு வழி வைத்திருந்தார். போகும்போது பெரிய பனங்கட்டித் துண்டு ஒன்றை வாய்க்குள் அடக்கிக்கொள்வார். பிரக்கிராசியார் என்கிற உள்ளூர் வக்கீல் யாராவது சாட்சியிடம் மோட்டுக் கேள்வி கேட்டால், கடைசி வாங்கிலிருந்து ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குச் சில பிரக்கிராசிமார் பயப்படவே தொடங்கியிருந்தார்கள்.

இறுதிப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகளுக்கு மட்டக்களப்பில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார். வாவிக் கரையோரமாக ஒரு வீட்டைப் பார்த்து வைத்து, மாலையில் எங்களையும் அந்த வழியாகவே நடக்கக் கூட்டிப்போவார். “அந்தச் சன்னல் பக்கம் என் ஆபீஸ். இந்தப் பக்கம் அவ பூச்செடி வைப்பா” என்பார். அந்த வீட்டில் அப்போது குடியிருந்தவர்கள் எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அப்போதுதான் கிரான் வழக்கு வந்தது.

கிரானைச் சேர்ந்த வள்ளிப்பிள்ளை என்ற பெண்ணின் புருஷன் இறந்துபோனான். அவனுடைய தம்பி, அந்த வீடு தன் தமையன் கட்டின வீடு, தானும் கல் மண் சுமந்த வீடு, ஆகவே தனக்கும் பங்கு வேண்டும் என்று வழக்குப் போட்டான். செத்தவீட்டில் தன்னை ஒருவரும் மதித்துக் கேட்கவில்லை என்ற கோபம்தான் காரணம். மற்றப்படி அந்த வழக்கில் ஒரு சத்தும் கிடையாது. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்ணோடு வருகிற சொத்து. தாய் தகப்பன் மகளுக்கு வளவும் வீடும் கொடுத்துச் சீதன உறுதி என்ற பத்திரம் எழுதுவார்கள். மாப்பிள்ளை மாற்றுடுப்போடு அங்கே போய்ச் சேருவான். அதற்குப் பிறகு அவன் எத்தனை கல் சுமந்தாலும் வீடு அவளுடையதுதான். மட்டக்களப்பில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. வாவித் தண்ணீர் உப்பு என்று யாராவது வகுப்பு எடுப்பார்களா?

பரிஸ்டருக்கு இது தெரியாது. ரோமாபுரிக்காரன் சொன்னது தெரியும், ஒல்லாந்துக்காரன் சொன்னது தெரியும். கிரான்காரி யாருடைய வீட்டில் குடியிருக்கிறாள் என்பது மட்டும் தெரியாது. அவருடைய ஊரில் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போகிறாள். அவன் இறந்துவிட்டால் கொழுந்தன்மாருடைய தயவில் ஒரு மூலையில் கிடக்கிறாள். அப்படிக் கிடந்த விதவைகளுக்காக ரங்கூனில் வாதாடித்தான் அவர் பெயரெடுத்திருந்தார். அவருடைய சொந்த அத்தை ஒருத்தியும் அப்படித்தான் கிடந்து செத்துப்போனாள் என்று ஒருமுறை சொன்னார்.

அன்று நானும் நீதிமன்றத்தில் இருந்தேன். கச்சேரியிலிருந்து ஒரு காணிப்படத்தை ஒப்படைக்கப் போயிருந்தேன். கொழுந்தன் கூண்டில் ஏறி, கல் சுமந்த கதையைக் கண்ணீரோடு சொன்னான். அவனுடைய பிரக்கிராசியார் இளவயதுக்காரர், துடியாட்டமானவர். வள்ளிப்பிள்ளையின் பிரக்கிராசியாரோ மிகவும் மூத்தவர். கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் கதிரையை விட்டு எழும்புவதற்கே ஒரு தவணை எடுக்கும். முதலில் கண்ணாடியைத் தேடுவார், பிறகு பொடி போடுவார், பிறகு தும்முவார், அதற்குப் பிறகுதான் சட்டம். சீதன உறுதி அவருடைய மடிமேலேயே கிடந்தது. அதை எடுத்து நீட்டினால் வழக்கு முடிந்தது என்பது சபையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே யாரும் அவசரப்படவில்லை.

வள்ளிப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். விடியமுன் வண்டில் கட்டிக்கொண்டு வந்தவள், நின்றபடியே நித்திரை தூங்கிக்கொண்டிருந்தாள். கடைசி வாங்கிலிருந்து பார்த்த பரிஸ்டருக்கு அவள் அழுவதுபோல இருந்திருக்கிறது.

பிரக்கிராசியார் கண்ணாடியைத் தேடினார். பொடி டப்பியைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். பரிஸ்டரின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பனங்கட்டி கரைந்துவிட்டது.

“மை லார்ட்!”

எழும்பி நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நடு வழியால் நடந்து, பிரக்கிராசிமாரின் மேசைக்கே போய்விட்டார். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட நடை அது. இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற பொலிஸ்காரன் உள்ளே வந்துவிட்டான். அழுதுகொண்டிருந்த கொழுந்தன் இப்போது உண்மையாகவே அழுதான். ஒரு பெண் விதவையாகிவிட்டால் அவளைக் கேட்க ஆளில்லையா என்று அவர் கேட்டபோது, எனக்கே யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு வருஷம் ஆட்டோடு மட்டும் பேசின மனிதர் அல்லவா, அத்தனையும் சேர்ந்து வந்தது.

நீதிமன்ற முதலியாரும் பழக்கதோஷத்தில், அவர் சொல்லச் சொல்ல உரத்த குரலில் தமிழ்ப்படுத்திக்கொண்டே வந்தார்.

“இந்த வீடு புருஷனுடைய வீடாகவே இருக்கட்டும். கொழுந்தனுக்கே போகட்டும். ஆனால் அந்த வீட்டின் ஒரு மூலையில் இருந்து, ஒருவேளைச் சோறு தின்ன இந்த அபலைக்கு உரிமை இல்லையா?”

மூலை என்ற சொல் காதில் விழுந்ததும் வள்ளிப்பிள்ளை விழித்துக்கொண்டாள்.

“ஆருக்கு மூலை? ஆர்ட வீட்டுல மூலை? எங்கம்மா தந்த வீடு அது! அவரு வரக்குள்ள ஒரு சாரனும் சால்வையும் கொண்டு வந்தவரு. அந்தச் சால்வைய வேணுமெண்டாத் தம்பிக்காரன் எடுத்திட்டுப் போகட்டும்!”

சபை சிரித்தது. பரிஸ்டர் சிரிக்கவில்லை. உயர்த்தியிருந்த கையை இறக்கிக்கொண்டு, அவளையே பார்த்தார்.

நீதிபதி, “இவர் உன்னுடைய வக்கீலா?” என்று கேட்க, முதலியார் அதைத் தமிழில் கேட்டார்.

“இவரு ஆரெண்டே எனக்குத் தெரியாதய்யா. எங்கிருந்தோ வந்து எண்ட வீட்டக் குடுக்கப் பாக்காரு!”

அதற்குள் மூத்த பிரக்கிராசியார் தும்மி முடித்து எழும்பி, சீதன உறுதியை நீட்டினார். வழக்கு அந்த நிமிஷமே தள்ளுபடி. வள்ளிப்பிள்ளை வென்றாள். பரிஸ்டர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அப்படியேதான் வென்றிருப்பாள்.

தோற்ற பிரக்கிராசியார் சும்மா விடவில்லை. பரீட்சைக்குப் பதிந்த ஆள் வக்கீலாக நடித்து நீதிமன்றத்தில் பேசினார் என்று முறைப்பாடு செய்தார். நீதிபதி நல்ல மனிதர். கொழும்புக்கு எழுதுமுன் பரிஸ்டரை அழைத்து விசாரிக்க ஒரு நாள் குறித்தார். அதோடு மூத்த பிரக்கிராசியார் மூலமாக எங்களுக்கு ஒரு சொல்லும் அனுப்பினார். “நான் அவரிடம், நீர் வேடிக்கை பார்க்க வந்து, உணர்ச்சிவசப்பட்டுச் சத்தம் போட்டீர், அப்படித்தானே என்று கேட்பேன். ஓம் என்று சொன்னால் போதும். அதோடு முடிந்தது.”

ஓம் என்ற ஒரு சொல். சமறியில் எல்லாருமாக அவருக்கு அதைப் பழக்கினோம். இளையதம்பி அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிபதியாகக் கதிரையில் ஏறி இருந்தான்.

“நீர் பகிடி பாக்கத்தான வந்த?”

“ஓம்.”

“சும்மா சத்தம் போட்டதுதான?”

“ஓம்.”

“இந்தா, எவ்வளவு லேசு! எண்ட நீதிமன்றத்துல உங்களுக்கு விடுதலை.”

பரிஸ்டர்கூடச் சிரித்தார். ஒவ்வொரு நாளும் சொன்னார், பிசகாமல் சொன்னார்.

அந்த நாளும் வந்தது. நீதிபதி கேட்டார். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு அன்பாகக் கேட்டார்! நாங்கள் எல்லாரும் லீவு போட்டுவிட்டு அந்தக் கடைசி வாங்கில் வரிசையாக இருந்தோம். இளையதம்பியின் உதடு ஓம் என்று அசைந்தது. பரிஸ்டர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நீதிபதி இன்னொரு தரம் கேட்டார்.

“இல்லை, மை லார்ட்” என்றார் பரிஸ்டர்.

சபையில் ஒரு சலசலப்பு.

“நான் பேசினது தப்பு. இந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாமப் போனது தப்பு. கட்சிக்காரி என்னை வேண்டாம்னு சொன்னதும் அவளோட உரிமை. ஆனா நான் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை. எழுந்து நின்னப்போ வக்கீலாத்தான் நின்னேன். அதை மட்டும் இல்லைன்னு சொல்லச் சொல்லாதீங்க.”

நீதிபதி பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். கொழும்பிலிருந்து பதில் சீக்கிரமே வந்தது. பெயரை வெட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேச ஒரு தடையும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் சட்டம் சொல்லலாம், இழக்க ஒன்றுமில்லை. ஆட்களும் வந்தார்கள். அவர்தான் பேசவில்லை. எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வேண்டுமென்றே, “பயறு புழுத்துப்போச்சு” என்பேன். “ஆமா” என்பார். அவ்வளவுதான். மாலையில் நடக்கப் போகும்போது வாவிக் கரை வழியைத் தவிர்த்துச் சந்தைப் பக்கமாகப் போனார்.

அறுவடை முடிந்த கையோடு வள்ளிப்பிள்ளை புது அரிசியும் ஒரு சேவலுமாக வந்தாள். யாரோ அவளிடம் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்றபடியே அழுதாள்.

“எனக்குத் தெரியாமப் போச்சையா. வாய்க்கு வந்ததப் பேசிப்போட்டன். எனக்காக இவ்வளவு பேசின ஆம்புள ஒருத்தரும் இல்ல. எண்ட புருசன்கூட ஒரு நாளும் எனக்காகப் பேசினவரில்ல.”

“கேஸ் ஜெயிச்சுதா இல்லையாம்மா?” என்றார் பரிஸ்டர்.

“வெண்டதுதான் ஐயா.”

“அப்போ எதுக்கு அழுகிறே? போய் வீட்டிலே நிம்மதியா இரு. நடு வீட்டிலேயே இரு.”

யுத்தம் முடிந்ததும் புறப்பட்டார். வேறு போக்கிடம் இல்லை, திருநெல்வேலிக்குத்தான். நாங்கள் எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அந்த மாமனாருக்கு என்ன சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் மனதுக்குள் அரித்தது. கேட்கத்தான் ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் ரயில் பெட்டிக்குள்ளிருந்து அவரே சொன்னார்.

“இலங்கையிலே எத்தனை கேஸ் ஆடினீர்னு கேப்பார். ஒண்ணுன்னு சொல்லுவேன். அதிலே எத்தனை தோத்துதுன்னு கேப்பார்.” சன்னலுக்கு வெளியே எங்களை நோக்கிக் குனிந்தார். “நம்ம கட்சிக்காரிதானேவே ஜெயிச்சா? பொய் இல்லையே?”

“பொய்யில்ல ஐயா” என்றேன். ரயில் புறப்பட்டது. இளையதம்பி தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அந்த வாசலில் அவரை எப்படி வரவேற்றார்களோ, யார் கண்டது.

பல வருஷங்களுக்குப் பிறகு எனக்கும் ஒரு காணி வழக்கு வந்தது. கொழும்பிலிருந்து பெரிய அப்புக்காத்து வக்கீல் ஒருவரை அழைத்தேன். எல்லாப் பரீட்சையும் முதல் தரத்தில் பாஸானவர். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழும்பினார், நாலு வார்த்தை பேசினார், அதில் என் பெயரையும் மாற்றிச் சொன்னார், வென்று கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார். காணி எனக்குக் கிடைத்தது, சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அன்று நீதிமன்ற வாசலில் தனியாக நின்றபோது, தோற்றாலும் பரவாயில்லை, எனக்காக ஒரு தரம் ரங்கூன் பரிஸ்டர் எழும்பி நின்றிருக்கலாமே என்றுதான் எனக்கு இருந்தது.